முதியோரும் மருந்துக் கணக்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ் பயிற்றும் தொழிலினராகிய எம்மை மருந்தைக் குறித்துப் பேசுமாறு சங்கச் செயலாளர் பணித்தபோது, மருத்துவக் கல்வி பெற்றார் பலர் நம்மிடையே இருக்க, இப்பணி எமக்கு ஏற்குமோ என்று முதற்கண் தயங்கினோம். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், இப்பொருள் மருத்துவர்க்கே உரியதன்று என்பது விளங்கிற்று. மருந்தை எழுதித் தருவார் ஒருவர். அதனை விற்பார் மற்றொருவர். நாள்தோறும் உறையைப் பிரித்து எடுத்துக் கொடுப்பாரும், நீருடன் விழுங்குவாரும் நம் வீட்டாரே. திருவள்ளுவரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றார், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றனோடு நில்லாது, நோயாளியின் அருகிருந்து உதவுவாரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணியிருத்தலை யாவரும் அறிவீர். அந்நான்காம் உறுப்பினராகிய நம்மவரை நோக்கியே இன்று பேச வந்தோம். முதியோர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒருங்கே வைத்து, நம்மை நன்கறிந்த ஒரு மருத்துவரைக் கொண்டு ஆராய்வித்து, வேண்டுவனவற்றைக் கொண்டு வேண்டாதனவற்றைத் தள்ளுதல் வேண்டும் என்பதே யாம் சொல்லப் புகுந்த செய்தி.

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, 60 வயது நிரம்பியோர் இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டிருந்தனர். தமிழ்நாட்டில் அவர்கள் 100 பேருக்கு 10 பேருக்குச் சற்று மேல். அதன்பின் இத்தொகை பெருகியிருக்குமேயன்றிக் குறைந்திராது. நம் குலத்தாருள்ளும் மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் புரிய, பெற்றோர் மட்டும் ஊரில் வீடு காத்திருத்தல் வழக்கமாகிவிட்டது. அப்பெற்றோருக்குப் பணம் வருகின்றது. பேசுதற்குக் கைப்பேசி இருக்கின்றது. மருந்தும் குறைவின்றி வாங்கப்படுகின்றது. அம்மருந்தைக் கணக்குப் பார்ப்பார் மட்டும் இலர்.

அம்மருந்து நம் வீடுகளில் எங்கே இருக்கின்றது என்று சற்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் துணிக்கடைப் பை ஒன்றிலோ, பழைய பலகாரத் தகரத்திலோ இருக்கும். அதனுள் இதய மருத்துவர் எழுதிய நான்கு, நீரிழிவுக்கு மூன்று, முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் கொடுத்த இரண்டு, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, உறக்கத்திற்கு ஒன்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து ஒரு புட்டி, பக்கத்து வீட்டார் தமக்கு நன்கு கேட்டதென்று கொடுத்த அரை அட்டை, பேரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை ஆகியன ஒருங்கு கிடக்கும். ஒவ்வொரு மருத்துவரும் தாம் எழுதியதை மட்டும் அறிவார். கண் சொட்டு மருந்தை மருந்தென்றே எண்ணி எவரும் சொல்வதில்லை. கண்ணழுத்த நோய்க்கு இடும் டிமோலால் என்னும் சொட்டு மருந்து உடலிற் கலந்து நாடித் துடிப்பை மெலிவிக்கவும், ஆஸ்துமா உடையார்க்கு மூச்சிரைப்பை மிகுவிக்கவும் வல்லது என்பதை அறிந்தால் அங்ஙனம் விடுவோமோ?

யாம் கணக்காசிரியரல்லேமாயினும் ஒரு சிறு கணக்குச் சொல்வோம். ஐந்து மருந்துகளை ஒருவர் உண்டால், அவற்றுள் இரண்டிரண்டாகச் சேரும் இணைகள் 10. பத்து மருந்துகளை உண்டால் இணைகள் 20 அல்ல, 45. இவ்விணைகள் எல்லாம் தீங்கு செய்யும் என்பதன்று. எந்த இணை தீங்கு செய்யும் என்று எவரேனும் ஒருவர் பார்த்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து. நம் முன்னோரும் மருந்துகளைக் கூட்டினர். சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்தது திரிகடுகம். ஐந்து வேர் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஆறு பொருள் சேர்ந்தது ஏலாதி. அறநூல்களுக்கும் அப்பெயர்களையே இட்டு மகிழ்ந்தனர். ஆனால் அக்கூட்டு, இன்னதனோடு இன்னது இவ்வளவு என்று ஒருவர் எண்ணி அமைத்தது. நம் துணிக்கடைப் பையிலுள்ள கூட்டை அமைத்தவர் யார்?

இனி, இளைஞர்க்குத் தீங்கு செய்யாத மருந்து முதியோர்க்கு ஏன் தீங்கு செய்கின்றது என்பதைக் காண்போம். இதனைச் சற்று விரித்தே கூறுதல் வேண்டும். ஏனெனில், இருபது ஆண்டுகளாக இதே மாத்திரையைத்தானே உண்கிறேன் என்பது நம் பெரியோர் பலரும் சொல்லும் விடை. மாத்திரை மாறவில்லை என்பது உண்மையே. உண்ணும் உடல் மாறிவிட்டது. வயது ஏற ஏற உடலில் நீர்ப்பகுதி குறைந்து கொழுப்புப் பகுதி மிகுகின்றது. அதனால் டயசிபாம் போன்ற கொழுப்பிற் கரையும் உறக்க மருந்துகள் உடலிற் பல நாள் தங்கி, நேற்றைய மாத்திரை கழியுமுன்னரே இன்றைய மாத்திரையும் வந்து சேர்கின்றது. மருந்தைப் பிரித்துப் பக்குவப்படுத்தும் ஈரலின் வேகமும் குறைகின்றது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறனும் தளர்கின்றது. எல்லாவற்றினும் மேலாகச் சிறுநீரகம் தன் வடிகட்டும் ஆற்றலை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இழக்கின்றது.

இச்சிறுநீரகத்தைக் குறித்து நம்மவரிடையே பெரியதொரு மயக்கம் உண்டு. இரத்தச் சோதனைத் தாளில் கிரியாட்டினின் 1.0 என்று அச்சிட்டிருந்தால், எல்லாம் சரியாகவே உள்ளது என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருவது. மெலிந்த முதியோர்க்குத் தசை குறைவு. ஆதலின் சிறுநீரகம் பழுதுற்றிருந்தாலும் அவ்வெண் உயராது நிற்கும். காக்குரோப்ட், கால்ட் என்னும் இருவர் 1976ஆம் ஆண்டு வகுத்த வாய்பாடு ஒன்று இன்றும் மருத்துவர்களாற் கையாளப்படுகின்றது. 140இலிருந்து வயதைக் கழித்து, எஞ்சியதை உடல் எடையாற் பெருக்கி, அதனை 72ஆற் பெருக்கிய கிரியாட்டினின் எண்ணால் வகுத்து, பெண்டிராயின் வந்ததை 0.85ஆற் பெருக்குதல் வேண்டும். 30 வயதும் 60 கிலோ எடையும் உள்ள இளைஞனுக்கு, கிரியாட்டினின் 1.0 ஆனால், நிமிடத்திற்கு ஏறக்குறைய 92 மில்லிலிட்டர் வரும். 80 வயதும் 40 கிலோ எடையும் உள்ள நம் பாட்டியார்க்கு, அதே 1.0 எண்ணுக்கு, 28 மில்லிலிட்டரே வரும். தாளில் எண் ஒன்றே. வேலை செய்யும் ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. நீரிழிவுக்குப் பெருவழக்கான மெட்பார்மின், சிறுநீரக ஆற்றல் 30க்குக் கீழிறங்கினார்க்குக் கொடுக்கத்தகாதது என்று விதித்திருக்கின்றனர். கிளிபென்கிளமைடு என்னும் மாத்திரையோ அத்தகையோர் உடலில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையை வேண்டுமளவிற்குக் கீழே தள்ளிவிடும். விடியற்காலையில் பாட்டியார் வியர்த்து, நாக்குழறி, உளறுதலைக் கண்டு, மூப்பின் தடுமாற்றம் என்று வாளாவிருப்போம். அது சர்க்கரைத் தாழ்வாக இருத்தல் கூடும்.

மருந்தினால் வந்த குறையைப் புதிய நோய் என்று கருதி, அதற்கும் மருந்து கொடுப்பது மற்றொரு கேடு. ஒரு மருந்து மற்றொன்றை அழைக்க, அது மூன்றாவதை அழைக்க, சங்கிலி நீள்கின்றது. நம் தெருவில் 76 வயதுடைய மூதாட்டியார் ஒருவர்க்கு நேர்ந்ததை அவர் குடும்பத்தாரின் இசைவு பெற்று ஈண்டுக் கூறுகின்றோம். இரத்தக் கொதிப்புக்காக அவர் அம்லோடிபின் உண்டு வந்தார். அம்மருந்து சிலர்க்குக் கணுக்காலில் வீக்கத்தை உண்டாக்கும். அவர்க்கும் உண்டாயிற்று. வீக்கத்தைக் கண்ட வேறொரு மருத்துவர், அம்லோடிபின் உண்பதை அவர் சொல்லாமையால், நீரை வெளியேற்றும் பியூரோசமைடு மாத்திரையை எழுதினார். அதனை மாலையில் உண்ணவே, இரவில் நான்கு முறை எழ வேண்டியதாயிற்று. உறக்கம் கெட்டது. உறக்கம் கெட்டதற்கு அல்ப்ரசோலம் வந்தது. நீர் குறைந்து அழுத்தம் தாழ்ந்த உடலோடு, உறக்க மாத்திரையின் மயக்கத்தில், இருளில் எழுந்தவர் கொல்லைப்புறப் படியில் வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். இடுப்பு முறிந்த முதியோருட் பலர் ஓராண்டுக்குள் உயிர் துறத்தலை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவர் பிழைத்தெழுந்தது நம் தெருவார் செய்த தவம்.

இதில் எந்த மருத்துவரும் தம்மளவிற் பிழை செய்தாரென்று சொல்லற்கில்லை. கொதிப்புக்கு அம்லோடிபின் நல்ல மருந்தே. வீக்கத்திற்கு நீர்மாத்திரை கொடுத்தலும் உலக வழக்கே. நால்வர் நான்கு செங்கல்லைச் செவ்வனே வைத்தனர். சுவரைப் பார்ப்பார் இல்லாமையாற் சாய்ந்தது.

எலும்பு ஒருவாறு கூடியபின், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அவரை நாற்காலியில் வைத்துக் கொண்டு சென்றனர். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர், பையை அப்படியே மேசைமேற் கொட்டச் சொன்னார். பதினொரு வகை மருந்து இருந்தது. ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, இது எதற்கு, யார் கொடுத்தார், எப்பொழுதிலிருந்து, உண்மையில் உண்கின்றீர்களா என்று வினவினார். கடைசி வினா சிறந்தது. ஏனெனில் இரண்டு மருந்தை அம்மூதாட்டியார் ஆறு மாதமாக உண்ணாமலே வாங்கி வைத்திருந்தார், மகன் வருந்துவானே என்று. பின்னர் மருத்துவர் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார், 148 இருந்தது. எழுப்பி நிறுத்தி, மூன்று நிமிடத்திற்குள் மறுபடியும் பார்த்தார், 118 ஆயிற்று. மேலெண் 20 அல்லது அதற்கு மேல் தாழ்ந்தாலே வீழ்ச்சிக்கு அஞ்ச வேண்டும் என்பர்; இவர்க்கு 30 தாழ்ந்தது. அதுகாறும் பார்த்தவர் அனைவரும் உட்கார வைத்தே அளந்திருந்தனர். இறுதியாக, உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா என்று கேட்டார். இரவில் எழாமல் உறங்க வேண்டும், கோயிலுக்கு என் காலால் நடந்து போக வேண்டும் என்றார் மூதாட்டியார். அதற்கேற்பவே மருத்துவம் அமைந்தது. அம்லோடிபினுக்கு மாற்றாக வேறொன்று வந்தது, வீக்கம் வடிந்தது, நீர்மாத்திரைக்கு வேலை இல்லையாயிற்று. உறக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமற் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தனர். வலி மாத்திரையும் போயிற்று. எலும்பு வலுப்பெறுதற்கான மருந்து ஒன்று புதிதாகச் சேர்க்கவும் பட்டது. பதினொன்று ஆறாயிற்று. கைத்தடியோடு நடக்கின்றார், பழைய நடை திரும்பவில்லை.

மருந்து கூட்டியதும் அவ்வாராய்ச்சியின் பகுதியே என்பதை மறத்தலாகாது. மருந்தாராய்ச்சி என்றால் மருந்துகளை வெட்டியெறிதல் என்று சிலர் கருதுவர். வேண்டிய மருந்து இல்லாதிருத்தலும் குறையே. நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் இதயநோய் உடையார்க்கு, இரத்தம் கட்டுவதைத் தடுக்கும் மருந்து கொடுக்கப்படாமற் போய்ப் பக்கவாதம் வருதல் உண்டு.

இத்தகைய சங்கிலிகள் வேறு பலவும் உள. அவற்றுள் ஒன்றை மட்டும் சுட்டுவோம். தலைச்சுற்றல் என்றவுடன் சின்னரிசின் என்னும் மாத்திரை நம் ஊர்களில் எளிதாகக் கொடுக்கப்படுகின்றது. சின்னாளுக்கு அது தகும். மாதக்கணக்காக உண்டால் முதியோர் சிலர்க்குக் கைந்நடுக்கமும் உடல் இறுக்கமும் தோன்றும். வாந்திக்குக் கொடுக்கும் மெடோகுளோபிரமைடும் அத்தகையதே. அந்நடுக்கத்தைப் பார்க்கின்சன் நோயென்று கொண்டு லெவோடோபா தொடங்குவாரும் உளர். நடுக்கத்தை உண்டாக்கிய மாத்திரையும் அதனைப் போக்கும் மாத்திரையும் ஒரே பையில் பக்கத்திற் பக்கத்திற் படுத்திருக்கும். சளிக்கென்று கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும், முதியோர்க்கு நினைவு மங்கல், மலச்சிக்கல், சிறுநீர்க் கட்டு ஆகியவற்றை உண்டாக்க வல்லன. தாத்தாவுக்கு மறதி வந்துவிட்டது என்று துயருறுமுன் பையைப் பார்த்தல் நன்று.

வலி மாத்திரையைப் பற்றி ஒரு சொல். டைக்குளோபினாக், அசிக்குளோபினாக் முதலியன முழங்கால் வலிக்கு உடனே சுகம் தருவன. அதனாலேயே அவற்றை நம் பெரியோர் தெய்வமாகக் கொண்டாடுகின்றனர். ஆயினும், கொதிப்புக்கு ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்றவற்றுள் ஒன்றையும், அதனோடு நீர்மாத்திரையையும் உண்பவர் இவ்வலி மாத்திரையையும் சேர்ப்பாராயின், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை அடித்துவிடும். வாந்தி பேதியால் நீர் வற்றியிருக்கும் நாளில் இத்தீங்கு இன்னும் விரைவாக நேரும்.

இனிப் பெயர்க் குழப்பத்திற்கு வருவோம். யாம் சொல்லாராய்ச்சி செய்து பிழைப்பவர். ஒரு பொருட் பன்மொழி எமக்கு இன்பம். மருந்தில் அது துன்பம். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களோடு பல நிறங்களில் வருகின்றது. நம் முதியோர் எழுத்தைப் பார்த்து மருந்துண்பதில்லை. சிவப்பு மாத்திரை காலை, வெள்ளை மாத்திரை இரவு என்று நிறத்தாலேயே அறிவர். கடைக்காரர் வேறு கம்பெனியின் மருந்தைக் கொடுத்தால், பழைய சிவப்பும் தீரவில்லை, புதிய மஞ்சளும் வந்தது என்று இரண்டையும் உண்பர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தினால், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்து வீட்டு வாயிலுக்கே வந்தது. மிக நல்ல திட்டம். நடக்கமாட்டாத முதியோர் பலர் அதனாற் பயனுற்றனர். ஆனால் தனியார் மருத்துவர் வணிகப் பெயரில் எழுதியதும், வீட்டு வாயிலில் வந்ததும் ஒரே மருந்து என்பதை அறியாமல் இரண்டையும் உண்ணுதல் நேரலாம். இரண்டு மூன்று மருந்தை ஒன்றாக்கிய கூட்டு மாத்திரைகளிலும் இக்கேடு உண்டு. டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரையை உண்பவர், தனி அம்லோடிபினையும் உண்பதை எமக்குத் தெரிந்த இரு வீடுகளில் கண்டோம். மருந்தட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அருகே சிறிய எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். பள்ளியிற் படிக்கும் பேரப்பிள்ளைகள் அச்சிறிய எழுத்தைப் படித்துத் தாத்தாவுக்குச் சொல்லட்டும். வீட்டுப் பாடமாக இதனை எம் மாணவர்க்கும் கொடுத்திருக்கின்றோம்.

பிற நாட்டார் இதற்கென முறை வகுத்திருக்கின்றனர். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் முதலானோர், முதியோர்க்குத் தகாத மருந்துகளின் அட்டவணை ஒன்றை 1991இல் வெளியிட்டனர். அது பலமுறை திருத்தப்பெற்று 2023இலும் புதுப்பிக்கப்பட்டது. அயர்லாந்து மருத்துவர்கள் 2008இல் நிறுத்த வேண்டியன, தொடங்க வேண்டியன என இரு பகுதியாக ஓர் அட்டவணை செய்தனர். இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டிலேயே, 75 வயது கடந்தோர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அவருள் நான்கும் அதற்கு மேலும் மருந்துண்போர்க்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் இவ்வாராய்ச்சி நடத்தல் வேண்டும் என்று விதித்தனர். அவ்வாண்டே ஆஸ்திரேலியாவில், குடும்ப மருத்துவர் வேண்டினால் மருந்தாளுநர் வீட்டுக்கே சென்று மருந்தலமாரியைப் பார்த்து எழுதிவரும் முறை ஏற்பட்டது. இங்கிலாந்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, ஊர் மருத்துவர் வழியாகத் தரப்படும் மருந்துகளில் 100க்கு 10 பங்காவது தேவையற்றவை என்று ஒப்புக்கொண்டது. நம் நாடும் இதிற் பின்தங்கியதன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கிற்று. கிண்டியில் முதியோர்க்கான தேசிய மருத்துவ நிலையம் 2024இல் திறக்கப்பெற்றது. ஆயினும் நாள்தோறும் மாத்திரை உண்பவர் இருப்பது நம் ஊரில். அவர் பையை முதலிற் பார்க்க வேண்டியவர் நம் ஊர் மருத்துவரே.

இவ்வாராய்ச்சியாற் சாவே குறையும், மருத்துவமனைக்கே போக வேண்டாம் என்று யாம் மிகை கூறோம். தகாத மருந்துகள் குறைகின்றன என்பது பல ஆய்வுகளிற் கண்டது. உயிர்ச் சேதம் குறைகின்றது என்பது அவ்வளவு உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. எனினும் தேவையற்ற ஒரு மாத்திரையை ஒருவர் உண்ண வேண்டும் என்பதற்கு இது காரணமாகாது.

ஈண்டுக் கடுமையாக ஓர் எச்சரிக்கை செய்கின்றோம். இச்சொற்பொழிவைக் கேட்டு வீட்டிற்குச் சென்றவுடன் எவரும் எந்த மாத்திரையையும் தாமே நிறுத்தலாகாது. இதயத் துடிப்பை அடக்கும் மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் மார்வலி மீண்டும் தோன்றும். நெடுநாள் உண்ட பிரட்னிசலோன், வலிப்பு மருந்து, உறக்க மருந்து, லெவோடோபா ஆகியனவும் அத்தகையனவே. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். இதயநோயே இல்லாத, 70 வயது கடந்த முதியோர்க்கு அது நன்மை செய்யுமோ என்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேரைக் கொண்டு ஆய்ந்தனர். 2018இல் வெளிவந்த முடிவு, நன்மையில்லை, இரத்தப் போக்கு மிகுகின்றது என்பது. இச்செய்தியை யாரோ கைப்பேசியில் அனுப்ப, முன்னரே மாரடைப்பு வந்து இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பெற்ற ஒருவர் தம் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார். அவ்வாய்வு அவரைப் பற்றியதன்று. அவர்க்கு அது உயிர் காக்கும் மருந்து. நல்வேளையாக அவர் மருமகள் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். ஒரே மாத்திரை ஒருவர்க்கு வேண்டாதது, மற்றொருவர்க்கு இன்றியமையாதது. இதனைப் பிரித்தறிதல் மருத்துவர் கடன். பையைக் கொண்டுபோய்க் கொடுத்தல் நம் கடன்.

நாட்டு மருந்துகளையும் அப்பையில் வைத்தல் வேண்டும். தமிழ் மருத்துவத்தின்பால் எமக்குள்ள பற்று நீவிர் அறியாததன்று. ஆயினும் மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்பது பற்றாகாது. மூலிகைக்கு ஆற்றல் இல்லையென்று சொல்வதாகும். ஆற்றலுடையது எதுவும் நன்மை தீமை இரண்டும் செய்யும். அதிமதுரத்தை மிகுதியாக நாள்தோறும் உண்டால் இரத்த அழுத்தம் உயரும். உடலிற் பொட்டாசியம் தாழும். நீர்மாத்திரை உண்பவர்க்கு இத்தாழ்வு இருமடங்காம். சூரணமோ, செந்தூரமோ, பற்பமோ, எதுவாயினும் மருத்துவரிடம் மறையாது கூறுக.

மறைத்தல் என்றவுடன் நம்மவரிடத்துள்ள ஒரு வழக்கத்தையும் சொல்லிவிடுகின்றோம். நம் குலத்தவராகிய மருத்துவரிடம் சென்றுவந்தால், வேறொருவரிடமும் காட்டினோம் என்று அவரிடம் சொல்லக் கூசுகிறோம். அவர் மனம் புண்படுமாம். வேறொருவரிடம் சென்றால், உறவினரிடம் வாங்கிய மருந்தை அங்கே மறைக்கிறோம். இம்முகத்தாட்சணியம் பெண் கொடுக்கல் வாங்கலில் இருந்துவிட்டுப் போகட்டும். மாத்திரை உறையினுள் அதற்கு இடமில்லை. நம் மருத்துவ அன்பர் மூவரை இது குறித்து யாம் வினவியபோது, மூவரும் முழுப் பையைப் பார்ப்பதே தமக்கு உதவி என்றனர்.

எழுத்தறிவித்தலால் இதில் என்ன ஆகும் என்று கேட்பாரும் உளர். கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில், நெடுநாளாக உறக்க மாத்திரை உண்டுவந்த முதியோர் 303 பேரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. ஒரு பகுதியார்க்கு அம்மாத்திரையின் தீங்கையும், படிப்படியாகக் குறைக்கும் முறையையும் எளிய நடையில் எழுதிய சிறு நூல் அனுப்பப்பெற்றது. மற்றப் பகுதியார்க்கு அனுப்பப்பெறவில்லை. ஆறு மாதத்தில், நூல் பெற்றாருள் 100க்கு 27 பேர் அம்மாத்திரையை விட்டொழித்தனர். பெறாதாருள் 5 பேரே விட்டனர். புதிய மருந்து ஒன்றுமில்லை. அச்சிட்ட தாள் சிலவே. ஆதலின் நம் சங்க இதழிலும் இத்தகைய குறிப்புகளை மாதம் ஒன்றாக வெளியிடலாம் என்று பதிப்பாசிரியரை வேண்டிக்கொள்கின்றோம்.

இனிச் செய்ய வேண்டியது. நம் சங்க நிர்வாகக் குழு இசைந்தபடி, வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை 9 மணிக்குச் சங்கக் கட்டடத்தில், மருந்தாளுநர் தொழிலிலுள்ள நம் இளைஞர் இருவர் அமர்ந்திருப்பர். 60 வயது கடந்தோர் தம் பையை அப்படியே கொண்டு வருக. உண்பன, உண்ணாது வைத்திருப்பன, கண் சொட்டு, தைலம், சூரணம், பழைய சீட்டுகள், கடைசியாக எடுத்த இரத்தச் சோதனைத் தாள் அனைத்தும் வேண்டும். தூய்மைப்படுத்தி அடுக்க வேண்டா; குப்பையாகவே இருக்கட்டும். அவ்விருவரும் எதனையும் நிறுத்தவோ மாற்றவோ மாட்டார். மருந்தின் உண்மைப் பெயர், அளவு, வேளை, எதற்கு, யார் கொடுத்தார், எப்பொழுதிலிருந்து என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, இருபடி ஆக்கித் தருவர். ஒருபடி சட்டைப்பையிலோ சுருக்குப் பையிலோ எப்பொழுதும் இருத்தல் வேண்டும். மற்றொருபடியையும் பையையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் துணையுடன், தம் குடும்ப மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுக. கூட்டம் மிக்க நாளில் மருத்துவர்க்குப் பொழுதிராது. முன்னரே சென்று எந்நாள் வரலாம் என்று கேட்டுக்கொண்டு போவது நன்று. படுக்க வைத்தும் நிறுத்தியும் அழுத்தம் பாருங்கள் என்று கேட்க நாணவேண்டா.

தாய்மார்களே, வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் நீங்கள். பெரியவர் மறைப்பதையும் அறிந்தவர் நீங்கள். ஆதலின் துணையாக நீங்களே வருதல் வேண்டும். நடக்கமாட்டாதார் வீடுகளுக்கு இளைஞர் சங்கத்தார் வந்து எழுதிக்கொள்வர். அத்தகையோர் பெயரையும் தெருவையும் வாயிலில் வைத்துள்ள ஏட்டில் இன்றே எழுதிச் செல்க.